கடன் வாங்கினது ஒரு நாடா இருந்தா யார்கிட்ட போய் கேக்கறது? இலங்கை பாண்டு கேஸும் எங்க அப்பாவோட எடைச்சீட்டும்

சந்தூர்_மாந்தோப்பு:

எல்லாருக்கும் வணக்கம். தர்மபுரி லா காலேஜ்ல நாலாவது வருஷம் படிக்கறேன், ஊரு போச்சம்பள்ளி பக்கம் சந்தூர். அடுத்த மாசம் செமினார் இருக்கு, ஒரு நாடே வாங்கின கடனைக் கட்டலேன்னா கோர்ட் என்ன பண்ணும்ங்கறது தலைப்பு, நானே கேட்டு எடுத்தது. ஏன் எடுத்தேன்னு சொன்னா தான் கேள்வி புரியும், கொஞ்சம் நீளமாகும் பொறுத்துக்கங்க.

அப்பா பெங்களூரா மாங்கா போடறவரு. 2023 சீசன்ல இங்க ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்கு (பேரு வேணாம்) நாலு லோடு விட்டாரு, 16 டன், டன்னுக்கு 11,500 ரேட்டு, மொத்தம் 1,84,000. லோடு விட்டா எடைமேடைல ஒரு மஞ்சள் சீட்டு குடுப்பாங்க, வண்டி நம்பர், லோடு எடை, காலி வண்டி எடை, கழிவு, அடியில பேனாவுல ரேட்டு எழுதி ஒரு கிறுக்கல் கையெழுத்து, அவ்ளோ தான் ஆதாரம். பணம் சீசன் முடிஞ்சு தருவோம்னாங்க, அதுக்குள்ள ஃபேக்டரி படுத்துருச்சு. பொங்கலுக்கு முன்னாடி பார்ட்னர் வந்து எல்லாரையும் கோயில் மண்டபத்துல உக்கார வெச்சு ரூபாய்க்கு நாப்பது பைசா தரேன், அதுவும் மெஷினை வித்துட்டு மூணு தவணையா தரேன்னு சொன்னாரு. அறுபது பேருக்கு மேல இருந்தாங்க, வேற வழியில்லைன்னு முக்காவாசி பேர் சரின்னுட்டாங்க.

இதுக்கு நடுவுல ஒரு வியாபாரி வீடு வீடா போயி சீட்டை விலைக்கு வாங்கினாரு. நூறு ரூபா சீட்டுக்கு இருபது இருபத்தஞ்சு, கையில ரொக்கம். பொண்ணு கல்யாணம் வெச்சிருந்தவங்க, போர் போட்டு கடன்ல இருந்தவங்கன்னு ஒரு பன்னெண்டு பேர் குடுத்துட்டாங்க. அப்புறம் அந்த ஆளு நாப்பது பைசா திட்டத்துக்கு நான் வரமாட்டேன், சீட்டுல எழுதின முழுத்தொகையும் வட்டியும் வேணும்னு கிருஷ்ணகிரி கோர்ட்ல கேஸ் போட்டு மெஷினையும் பாய்லரையும் ஜப்தி பண்ணச் சொல்லி மனு குடுத்துட்டாரு. மெஷினை விக்க முடியல, எங்க நாப்பது பைசாவும் அப்படியே நின்னு போச்சு. அப்பா சீட்டை விக்கவும் இல்ல, காசும் வரல, நாலு மஞ்சள் சீட்டும் பீரோவுல கல்யாண பத்திரிகை கவர்ல கிடக்கு.

இலங்கை 2022ல கடன் கட்டறதை நிறுத்தினதைப் பத்தி படிக்கறப்ப அச்சு அசல் இதே கதை. எல்லாரும் குறைச்சு வாங்கிக்க ஒத்துக்கறாங்க, ஒருத்தர் மட்டும் நியூயார்க் கோர்ட்டுக்குப் போறாரு. என் கேள்வி இதுதான்: 75% பேர் ஒத்துக்கிட்டா மீதி பேரையும் கட்டுப்படுத்தும்னு பாண்டு (நாடு கடன் வாங்கறதுக்கு விக்கற பத்திரம்) ஒப்பந்தத்துலயே எழுதியிருக்காமே, அப்புறம் எப்படி ஒருத்தர் தனியா கேஸ் போட முடியுது? அப்புறம் இன்னொரு சந்தேகம், சீட்டு வாங்கின அந்த வியாபாரி பண்றது சட்டப்படி சரியா தப்பா?

பாலக்கோடு_வக்கீல்:

தம்பி, சீட்டு மேட்டரைக் கடைசில பேசுவோம், அதுல ஒரு அவசரம் இருக்கு, நான் மறந்துட்டா நீ ஞாபகப்படுத்து. முதல்ல 75%.

நம்ம ஊர்ல ஒரு கம்பெனி படுத்தா 2016 திவால் சட்டம் (ஐபிசி) இருக்கு. கடன் குடுத்த பேங்குங்க கமிட்டியா உக்காந்து 66% ஓட்டு விழுந்தா திட்டம் பாஸ், ஒத்துக்காதவனையும் அது கட்டுப்படுத்தும். நீ சொன்ன ஃபேக்டரி பார்ட்னர்ஷிப் ஃபர்ம்னா அந்தச் சட்டம் அதுக்கு வராது, அதனால தான் மண்டபத்துல கை தூக்கின முக்காவாசிப் பேரோட முடிவு மிச்சம் இருக்கறவனைக் கட்டுப்படுத்தல. நாட்டுக்கும் இதே நிலைமை தான். உலகத்துல நாடுகளுக்குன்னு திவால் கோர்ட் கிடையாது. ஐஎம்எஃப்ல துணைத் தலைமை இடத்துல இருந்த ஆன் க்ரூகர் 2001 நவம்பர்ல அப்படி ஒண்ணு அமைக்கலாம்னு யோசனை சொன்னாங்க, 2003லயே அதைக் கிடப்புல போட்டுட்டாங்க. சட்டம் இல்லாத இடத்துல ஒப்பந்தம் தான் சட்டம், அதனால பாண்டு பத்திரத்துக்குள்ளயே ஓட்டுப் போடற ஷரத்தை எழுதி வெச்சுக்கிட்டாங்க. அதைத்தான் கலெக்டிவ் ஆக்‌ஷன் கிளாஸ்ங்கறாங்க, சுருக்கமா சிஏசி. லண்டன் சட்டப்படி போட்ட பத்திரங்கள்ல ரொம்ப காலமா இருந்துச்சு, நியூயார்க் சட்டப் பத்திரங்கள்ல 2003ல மெக்சிகோ போட்டதுக்கு அப்புறம் தான் வழக்கமாச்சு.

இப்ப நீ மாட்டிக்கிட்ட இடத்துக்கு வரேன். 75%ன்னா எதுல 75%? இந்தக் கேள்வியை நீ கேக்கல, எல்லாமே அதுல தான் இருக்கு. பழைய ஷரத்துல ஒவ்வொரு சீரீஸுக்கும் (ஒரே தேதி, ஒரே வட்டின்னு போட்ட பத்திரங்க) தனித்தனியா 75% வேணும், நாட்டோட மொத்தக் கடன்ல இல்ல. இலங்கை 2012ல 100 கோடி டாலருக்கு ஒரு பாண்டு போட்டுச்சு, வட்டி 5.875%, 2022 ஜூலை 25 அன்னைக்கு அசலைத் திருப்பித் தரணும். அதுல 25 கோடி டாலருக்குக் கொஞ்சம் மேல ஒரே கையில சேர்ந்துட்டா என்ன ஆகும்? மீதி அத்தனை பேரும் கை தூக்கினாலும் 75% வராது. செயின்ட் கிட்ஸ் நெவிஸ் தீவுல இருக்கற ஹாமில்டன் ரிசர்வ் பேங்க் அந்த அளவு வெச்சிருக்கேன்னு சொல்லித்தான் 2022 ஜூன்ல நியூயார்க் ஃபெடரல் கோர்ட்ல கேஸ் போட்டுச்சு. 25 கோடியே 1 லட்சத்துக்கு மேலன்னு அந்த எண்ணிக்கையைப் பாரு, தற்செயலா அமையற எண்ணிக்கை இல்ல அது. ஷரத்தைப் படிச்சவங்க தான் அந்த அளவுக்கு வாங்குவாங்க.

கடைசில 2024 டிசம்பர்ல இலங்கை சுமார் 1,255 கோடி டாலர் பாண்டுகளை மாத்தி எழுதிச்சு, சுமார் 98% உள்ள வந்துருச்சு. அந்த ஒரு சீரீஸ் மட்டும் வெளிய நின்னுச்சு.

ஒரு நீதிபதி இதுல என்ன பண்ணாங்கன்னும் பாத்துக்க. கடன் குடுத்த மத்தவங்களோட பேச்சுவார்த்தை முடியட்டும்னு 2023 நவம்பர்ல கேஸைச் சில மாசம் நிறுத்தி வெச்சாங்க, பிறகு நீட்டிக்கவும் செஞ்சாங்க. அப்படி நிறுத்தணும்னு அமெரிக்க அரசாங்கமே கோர்ட்ல எழுதிக் குடுத்துச்சு, பிரிட்டனும் பிரான்சும் கூட. ஒப்பந்தம் ஒத்துக்காதவன் பக்கம் இருக்கறப்பவும் கோர்ட் கையில நேரம்னு ஒண்ணு இருக்கு, செமினார்ல இதைச் சொல்லாம விட்றாத.

ஓசூர்_பாண்டு_டெஸ்க்:

வக்கீல் சார் சொன்னதோட சேர்த்து. நான் ஓசூர்ல இருந்து தினம் பெங்களூர் போய் வர்றவன், வேலையே பாண்டு செட்டில்மென்ட் தான், கூப்பன் (பாண்டுக்கான வட்டி) எந்த தேதில எந்த அக்கவுண்ட்ல இருந்து எந்த அக்கவுண்டுக்குப் போகணும்னு பாக்கற வேலை. அதனால அர்ஜென்டினா கேஸை எங்க ஆளுங்க வேற மாதிரி படிப்பாங்க, பணம் போற குழாய் வழியா.

2001 டிசம்பர்ல அர்ஜென்டினா 8,000 கோடி டாலருக்கு மேல இருந்த பாண்டுகளைக் கட்டமாட்டேன்னு நிறுத்திச்சு. அந்தப் பத்திரங்கள்ல சிஏசியே கிடையாது. 2005ல டாலருக்கு முப்பது சென்ட் சொச்சம் தேர்ற மாதிரி புதுப் பத்திரம் குடுத்தாங்க, 76% பேர் வாங்கிக்கிட்டாங்க, 2010ல இன்னொரு தடவை கதவைத் திறந்தப்ப மொத்தம் 93% ஆச்சு. மீதி 7%ல சில ஹெட்ஜ் ஃபண்டுங்க (பெரிய முதலீட்டாளருங்க காசை வெச்சு ரிஸ்க் எடுக்கற நிறுவனங்க), முக்கியமா பால் சிங்கரோட எலியட், அதோட கிளை என்எம்எல் கேப்பிட்டல். இவங்க சந்தைல சல்லிசா கிடைச்ச பத்திரத்தை வாங்கி வெச்சுக்கிட்டு முழுத்தொகைக்கு நியூயார்க்ல கேஸ் போட்டாங்க, ஜெயிச்சாங்க. உங்க சீட்டு வாங்கின வியாபாரி தான் அப்படியே.

ஆனா ஜெயிச்சு என்ன பண்றது, ஒரு நாட்டோட சொத்தை அவ்ளோ சுலபமா ஜப்தி பண்ண முடியாது. தூதரகம், ராணுவம், மத்திய வங்கி பணம் இதையெல்லாம் தொடக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. 2012 அக்டோபர்ல கானா நாட்டு டெமா துறைமுகத்துல அர்ஜென்டினா கடற்படையோட பயிற்சிக் கப்பல் லிபர்டாட், பாய்மரக் கப்பல், அது வந்து நின்னப்ப என்எம்எல் அங்க உள்ளூர் கோர்ட்ல ஆர்டர் வாங்கி நகரவிடாம நிறுத்திடுச்சு. இருநூறு பேருக்கு மேல இருந்த கப்பல் தம்பி. டிசம்பர் 15ஆம் தேதி ஹாம்பர்க்ல இருக்கற கடல் சட்டத் தீர்ப்பாயம் விடச் சொன்ன பிறகு தான் கிளம்பிச்சு. கப்பலைப் பிடிச்சு ஒரு பைசா தேறல.

பணம் தேறினது ஒரே ஒரு வாக்கியத்தால. 1994ல எழுதின ஒப்பந்தத்துல பாரி பாசுன்னு ஒரு ஷரத்து. இந்தப் பத்திரங்களோட கடமை மத்த வெளிநாட்டுக் கடனுக்கு எப்பவும் குறைஞ்சபட்சம் சமமான வரிசைல நிக்கும்ங்கற மாதிரி எழுதியிருக்கும். எல்லா பாண்டுலயும் இருக்கும், பல வருஷமா யாரும் நின்னு படிக்காம காப்பி பண்ணிட்டு வந்த ஷரத்து. வரிசைல சமம்னா என்ன அர்த்தம்? நாளைக்கு இன்னொருத்தனுக்கு முன்னுரிமை குடுத்து என்னைப் பின்னாடி தள்ளாதேன்னா, இல்ல அவனுக்குக் குடுக்கற அதே நாள்ல எனக்கும் குடுன்னா? எலியட்டே 2000ல பெரு நாட்டு மேல பிரஸ்ஸல்ஸ் கோர்ட்ல ரெண்டாவது அர்த்தத்தைச் சொல்லித்தான் தடை வாங்குச்சு, 1.14 கோடி டாலருக்கு வாங்கின கடனுக்கு பெரு சுமார் 5.8 கோடி குடுத்து முடிச்சது. பயந்துபோன பெல்ஜியம் 2004ல சட்டம் போட்டு யூரோகிளியர் (பாண்டு பணத்தைக் கைமாத்தற பிரஸ்ஸல்ஸ் அமைப்பு) வழியா போற பணத்தை நிறுத்தக்கூடாதுன்னு பாதுகாத்துக்கிச்சு.

நியூயார்க் நீதிபதி கிரீசா 2012 பிப்ரவரில போட்ட உத்தரவு இதான், புதுப் பத்திரக்காரங்களுக்கு நீ வட்டி கட்டினா அதே நேரத்துல என்எம்எல்லுக்கும் முழு பாக்கியைக் கட்டு, இல்லேன்னா ரெண்டு பேருக்கும் கட்டாதே. அர்ஜென்டினா தன் காலுக்குத் தானே கயிறு கட்டிக்கிச்சுன்னு தான் சொல்லணும், ஏன்னா ஒத்துக்காதவங்களுக்கு இனிமே எதுவும் தரமாட்டோம்னு 2005ல பார்லிமென்ட்ல பூட்டுச் சட்டம்னு ஒண்ணு போட்டுச்சு, கோர்ட் அதையே எடுத்துக் காட்டிச்சு, நீ வரிசைல அவங்களைப் பின்னாடி தள்ளினதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்னு. 2014 ஜூன் 16 அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அப்பீலை எடுக்க மறுத்துருச்சு. அந்த மாசக் கடைசில அர்ஜென்டினா 53.9 கோடி டாலரை பேங்க் ஆஃப் நியூயார்க் மெலன்ல போட்டுச்சு, பணம் அங்கயே நின்னுது. பேங்க் அதை அனுப்பினா கோர்ட் அவமதிப்பு. ஜூலை 30 கூடுதல் அவகாசம் (கிரேஸ் பீரியட்) முடிஞ்சுது, கையில காசை வெச்சுக்கிட்டே ஒரு நாடு மறுபடியும் டிஃபால்ட் ஆச்சு.

எங்க ஆபீஸ்ல இப்பவும் புதுசா சேர்றவங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுவாங்க. பணம் வந்து அக்கவுண்ட்ல உக்காந்திருக்கும், ஸ்க்ரீன்ல தொகை தெரியும், ஆனா ரிலீஸ் பட்டனை அமுக்கக் கூடாது. அந்தப் பக்கம் ரிட்டயர் ஆனவங்களோட காசும் இருக்கும். நாட்டோட சொத்துல கை வைக்க முடியலைன்னாலும் நடுவுல நிக்கற பேங்கை நிறுத்த முடியும்னு அன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு. 2015 கடைசில புது அரசு வந்து, 2016ல நாலு பெரிய ஃபண்டுங்களுக்கு மட்டும் 465 கோடி டாலர் குடுத்து முடிச்சது.

சந்தூர்_மாந்தோப்பு:

அண்ணா படிக்கப் படிக்க வயிறு எரியுது. 93% பேர் நஷ்டத்தைத் தாங்கிக்கிட்டாங்க, அவங்க விட்டுக்குடுத்ததால மிச்சமான காசுல தானே இந்த 7% ஆளுங்க முழுசா வாங்கிட்டுப் போறாங்க? எங்க அப்பாவும் இதே தான் கேக்கறாரு, அவனுக்கு முழுசா குடுத்தா எங்களுக்கும் முழுசா குடுக்கணும்ல, அப்படி ஒரு ஷரத்து போட முடியாதான்னு.

ஓசூர்_பாண்டு_டெஸ்க்:

உங்க அப்பா சொன்ன ஷரத்து அர்ஜென்டினா பத்திரத்துலயே இருந்துச்சு தம்பி, ரூஃபோன்னு பேரு. பின்னாடி யாருக்காவது நானா விரும்பி இதைவிட நல்ல ஆஃபர் குடுத்தா உனக்கும் அதே தருவேன்னு. 2014 டிசம்பர் 31 வரைக்கும் உயிரோட இருந்துச்சு. 2014ல என்எம்எல்லோட பேசி முடிக்க முடியாம போனதுக்கு அர்ஜென்டினா சொன்ன காரணமே அது தான், இவனுக்குக் குடுத்தா 93% பேரும் வந்து நிப்பாங்கன்னு. அது காலாவதியான பிறகு தான் 2016 செட்டில்மென்ட். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க, அவரு கேட்டது சரியான கேள்வி.

ரிட்டயர்டு_மேனேஜர்_தர்மபுரி:

நான் முப்பத்திரண்டு வருஷம் பேங்க்ல இருந்தவன், ரெக்கவரி டிபார்ட்மென்ட்லயும் ஆறு வருஷம். மேல ரெண்டு பேரும் நல்லா எழுதியிருக்காங்க, ஆனா ஒரு பக்கத்தை மட்டும் பாக்கறீங்கன்னு எனக்குப் படுது, செமினார்ல எதிர்க்கேள்வி வந்தா பையன் தடுமாறக் கூடாது.

கடன் குடுத்தவன் கோர்ட்டுக்குப் போகக் கூடாதுன்னா ஒப்பந்தம் எதுக்கு எழுதறது? நாடு ஏழையா இருக்கலாம், ஆனா கடன் குடுத்தவன் எல்லாரும் சல்லிசா வாங்கி கேஸ் போடற கழுகு கிடையாது. இத்தாலியில லட்சக்கணக்கான சாதாரணக் குடும்பங்க அர்ஜென்டினா பத்திரத்துல சேமிப்பைப் போட்டிருந்தாங்க. கடனை வசூல் பண்ண வழியே இல்லேன்னு ஆயிடுச்சுன்னா அடுத்த தடவை அந்த நாட்டுக்கு யாரும் குடுக்க மாட்டான், குடுத்தாலும் வட்டியை ஏத்திட்டுத் தான் குடுப்பான். ஜாமீன் இல்லாத கடனுக்கு வட்டி ஏன் ஜாஸ்தின்னு நம்ம சந்தைல தண்டல் விடறவனைக் கேளுங்க.

அடுத்தது, நாடு ஒண்ணும் அப்பாவி இல்ல. கிரீஸ் 2012ல என்ன பண்ணுச்சு பாருங்க. 20,000 கோடி யூரோவுக்கு மேல தனியார் கையில இருந்த பாண்டு, பெரும்பகுதி கிரீஸ் நாட்டுச் சட்டப்படி எழுதினது. பத்திரத்துல சிஏசி இல்ல, சரி, பிப்ரவரில பார்லிமென்ட்ல சட்டம் போட்டு பழைய பத்திரங்களுக்கு உள்ளேயே பின்தேதியிட்டு சிஏசியைச் சொருகிட்டாங்க. முகமதிப்புல 53.5% போச்சு. ஆட்டம் நடக்கறப்பவே கோட்டை நகர்த்தினா அது ஞாயமா? அதே சமயம் லண்டன் சட்டப்படி எழுதின பத்திரத்தை வெச்சிருந்தவங்கள்ல சிலர் ஒத்துக்கல, அதுல அவங்க பார்லிமென்ட் கை வைக்க முடியல, 2012 மே 15 அன்னைக்கு அப்படி ஒரு பாண்டுக்கு 43.5 கோடி யூரோ முழுசா குடுத்தாங்க. பத்திரத்தோட கடைசிப் பக்கத்துல இந்த ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டதுன்னு ஒரு வரி இருக்கும், அந்த வரிக்கு அவ்ளோ விலை. தம்பி, வட்டி எவ்ளோன்னு பாக்கறதுக்கு முன்னாடி நான் அந்த வரியைத் தான் பாப்பேன்.

நம்ம நாட்டுக்கும் இது நடந்திருக்கு. கெய்ர்ன்ங்கற பிரிட்டன் எண்ணெய்க் கம்பெனிக்கு முன்தேதியிட்ட வரி போட்டோம், 2020 டிசம்பர்ல சர்வதேச நடுவர் மன்றம் 120 கோடி டாலர் குடுங்கன்னுச்சு, நாம குடுக்கல, 2021ல பாரிஸ்ல நம்ம அரசாங்கத்துக்குச் சொந்தமான கட்டடங்களை முடக்கி ஆர்டர் வாங்கிட்டாங்க, ஏர் இந்தியா மேலயும் நியூயார்க்ல கேஸ். ஆகஸ்ட்ல அந்த வரிச் சட்டத்தையே திருத்திட்டு, 2022ல பணத்தைத் திருப்பிக் குடுத்தோம். அது பாண்டு கேஸ் இல்ல, முதலீட்டு ஒப்பந்த கேஸ், கலந்துடாதீங்க. ஆனா ஒரு அரசாங்கத்தைக் கூட உக்கார வெச்சுப் பேச வைக்க முடியும்ங்கறதுக்குச் சொல்றேன்.

அந்த வியாபாரியைப் பத்தியும் ஒண்ணு. அவரு குடுத்த இருபத்தஞ்சு ரூபா தான் அன்னைக்கு அந்தக் கல்யாண வீட்டுக்கு வந்த ஒரே காசு. அதையும் எழுதுங்க.

சந்தூர்_மாந்தோப்பு:

ஐயா நீங்க சொன்ன கடைசி வரி நியாயம் தான், நான் அப்படி யோசிக்கல. ஆனா மனசு ஏத்துக்கல. அந்தக் காசு வந்தது பன்னெண்டு வீட்டுக்கு, நின்னு போனது ஐம்பது வீட்டுக்கு. இன்னொண்ணு, நாடு ஏன் நியூயார்க் கோர்ட்டுக்குக் கட்டுப்படணும்? ஒரு நாட்டு மேல இன்னொரு நாட்டு கோர்ட்ல கேஸே போடக்கூடாதுன்னு தானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க?

பாலக்கோடு_வக்கீல்:

அது பழைய பாடம். அரசு அரசா இருந்து செய்யற வேலைக்குத் தான் அந்தக் காப்பு, வியாபாரியா வந்து செய்யற வேலைக்கு இல்ல. அமெரிக்காவுல 1976 சட்டம், பிரிட்டன்ல 1978 சட்டம், ரெண்டுலயும் இதே பிரிவினை தான். பாண்டு விக்கறது வியாபாரமா ஆட்சியான்னு 1992ல வெல்ட்ஓவர் கேஸ்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் முன்னாடி வந்துச்சு, அதுவும் அர்ஜென்டினா தான். எதுக்காக கடன் வாங்கினேன்ங்கறது முக்கியமில்ல, சந்தைல தனியாள் வாங்கற மாதிரி வாங்கினியான்னு தான் பாப்போம், ஆக வியாபாரம் தான்னு சொல்லிட்டாங்க. அதுபோக பத்திரத்துலயே நான் என் காப்பை விட்டுத் தரேன், இன்ன ஊர் கோர்ட்டுக்குக் கட்டுப்படறேன்னு நாடே எழுதிக் குடுக்குது, இல்லேன்னா யாரும் வாங்க மாட்டான். இந்தியா அரசாங்கம் இது வரைக்கும் வெளிநாட்டுச் சந்தைல டாலர் பாண்டு போட்டதில்ல, 2019 பட்ஜெட்ல அறிவிச்சாங்க, அப்புறம் செய்யல. நாம வாங்கறது பெரும்பாலும் ரூபாய்ல, நம்ம சட்டப்படி. அது ஏன் பெரிய விஷயம்னு கிரீஸ் கதையை மேல மேனேஜர் சார் சொன்னதுல இருந்து நீயே எடுத்துக்க.

உன் ரெண்டாவது கேள்வி, சீட்டு வாங்கி கேஸ் போடறது. இங்கிலாந்துல பழைய காலத்துல அடுத்தவன் வழக்கை விலைக்கு வாங்கறதே குத்தம். நியூயார்க்ல இன்னும் அந்தச் சட்டம் இருக்கு, கேஸ் போடற நோக்கத்துக்காகவே கடனை வாங்கக்கூடாதுன்னு. பெரு அதைத்தான் சொல்லிப் பாத்துச்சு, எலியட்டோட முதல் நோக்கம் பணத்தை வாங்கறது, குடுக்கலேன்னா தான் கேஸ்னு சொல்லி 1999ல அப்பீல் கோர்ட் அதைத் தள்ளிடுச்சு. பிறகு 5 லட்சம் டாலருக்குக் குறையாம குடுத்து வாங்கினா அந்தத் தடையே இல்லேன்னு சட்டத்தையும் திருத்திட்டாங்க. நம்ம நாட்டுல 1876லயே அப்ப நமக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த பிரிவி கவுன்சில் சொல்லியாச்சு, இந்த இங்கிலீஷ் தடை இங்க அப்படியே வராது, அநியாயமா பொதுநலனுக்கு விரோதமா இருந்தா தான் செல்லாதுன்னு. கடனை எழுதி வாங்கறதுக்கு சொத்துரிமை மாற்றுச் சட்டம் 130ஆவது பிரிவே இருக்கு. எழுத்துல இருக்கணும், அதான் நிபந்தனை. அந்த வியாபாரி வெறும் சீட்டை வாங்கிட்டுப் போனாரா, இல்ல எழுதி வாங்கினாரான்னு பார்ட்னரோட வக்கீல் கேட்டிருக்கணும்.

எல்லை இல்லாமலும் இல்ல. ருமேனியாகிட்ட ஜாம்பியா விவசாய மெஷினுக்காகப் பட்ட கடன், 1979ல ஆரம்பிச்சது, அதை டோனிகால்னு ஒரு கம்பெனி 1999ல சுமார் 33 லட்சம் டாலருக்கு வாங்கி 5.5 கோடி கேட்டுச்சு. 2007ல லண்டன் கோர்ட் சுமார் 1.55 கோடி குடுத்துச்சு. டிராக்டர் வாங்கின கடன்பா, ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டிய கடன் தள்ளுபடிக் காசுல இருந்து. அங்க ஜனங்களுக்கே பொறுக்காம 2010ல பிரிட்டன் சட்டம் போட்டு ஏழை நாடுகளோட பழைய கடனுக்கு இவ்ளோ தான் வசூலிக்கலாம்னு உச்சவரம்பு வெச்சாங்க. பெல்ஜியமும் 2015ல போட்டுச்சு, கழுகு ஃபண்டு என்ன விலைக்கு வாங்குச்சோ அதுக்கு மேல கிடைக்காதுன்னு. மேனேஜர் சாருக்கு என் பதில் இது தான், கோர்ட்டுக்குப் போற உரிமையை யாரும் பிடுங்க வேணாம், குடுத்த காசுக்கும் கேக்கற காசுக்கும் நடுவுல ஒரு ஞாயம் இருக்கணும்.

ஷரத்தும் மாறிட்டு வருது. 2014 ஆகஸ்ட்ல ஐசிஎம்ஏங்கற சந்தை அமைப்பு புது மாதிரி வாசகம் எழுதிச்சு. எல்லா சீரீஸையும் ஒண்ணாக் கூட்டி மொத்தத்துல 75% வந்தாப் போதும், ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆஃபர் குடுக்கணும். இல்லேன்னா மொத்தத்துல 66.67%, ஒவ்வொரு சீரீஸ்லயும் 50%. பாரி பாசுலயும் வரிசை தான் சமம், ஒரே நாள்ல சமமா பணம் குடுக்கணும்னு அர்த்தமில்லேன்னு தெளிவா எழுதிட்டாங்க. அப்படி இருந்தா ஒரு சீரீஸ்ல 25 கோடி வெச்சிருக்கறவன் அந்தச் சீரீஸைத் தனியா வெளிய நிறுத்த முடியாது. பழைய பத்திரம் சந்தைல இருக்கற வரைக்கும் பழைய சண்டையும் இருக்கும்.

சரி, இப்ப உன் சீட்டு. முதல்லயே சொன்னேன்ல அவசரம்னு. சீட்டுல தேதி என்ன? வித்த சரக்குக்குப் பணம் கேட்டு கேஸ் போட 3 வருஷம் தான் டைம். 2023 சீசன்னா கணக்குப் போட்டுப் பாரு. மண்டபத்துல பேசினப்ப பார்ட்னர் எதுலயாவது கையெழுத்துப் போட்டாரா? யார் யாருக்கு எவ்ளோ பாக்கின்னு எழுதி அவரு கையெழுத்து இருந்தா அது கடன் ஒப்புதல், அந்தத் தேதில இருந்து புதுசா 3 வருஷம். அப்பா அதுல கையெழுத்து போட்டாரா, போட்டிருந்தா நாப்பது பைசாவே முழுசுக்கும் சரின்னு வாசகம் இருந்துச்சா? அந்த வாசகம் இருந்தா மீதி அறுபது பைசாவை விட்டுக்குடுத்ததா ஆயிடும், தவணையே வரல அதனால திட்டம் செல்லாதுன்னு வாதாடலாம், ஆனா வாசகத்தைப் பாக்காம சொல்ல மாட்டேன்.

சந்தூர்_மாந்தோப்பு:

சார் இப்ப தான் பீரோவைத் திறந்து பாத்தேன். சீட்டு நாலும் 2023 ஜூன் 9ல இருந்து 22 வரைக்கும். மண்டபத்துல எழுதினது ஒரு ஃபுல்ஸ்கேப் பேப்பர், ஜெராக்ஸ் இருக்கு, 2024 ஜனவரி 12ஆம் தேதி, வரிசையா பேரு, தொகை, எதிர்ல பாதிப் பேர் கையெழுத்து பாதிப் பேர் கைநாட்டு, கடைசில பார்ட்னர் கையெழுத்து. அப்பா பேருக்கு நேரா 1,84,000ன்னு இருக்கு, கையெழுத்து இடம் காலி. அன்னைக்கு அப்பா தோப்புல தண்ணி பாய்ச்சிட்டு லேட்டா போனாராம், பேனா கைக்கு வர்றதுக்குள்ள கூட்டம் கலைஞ்சிருச்சாம். மேல தலைப்புல "முழுத் தீர்வாக" அப்படின்னு ஒரு வார்த்தை இருக்கு சார். ஒரிஜினல் ஊர்ப் பெரியவர் ஒருத்தர்கிட்ட இருக்குன்னு அம்மா சொல்றாங்க.

பாலக்கோடு_வக்கீல்:

ஒரிஜினலை யார் கையிலயும் விட்டு வைக்காத, நாளைக்கே அப்பாவைக் கூட்டிட்டுப் போய் ரெண்டு பேர் முன்னாடி வாங்கி பத்திரமா வை. இனிமே அந்தக் காலி இடத்துல யாரு சொன்னாலும் அப்பா கையெழுத்து போட வேணாம். நாலு சீட்டையும் லேமினேஷன் பண்ணிடாத, பண்ணினா மையைப் பரிசோதிக்க முடியாது. சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு மேல பாலக்கோடு வாங்க, மெசேஜ்ல இடம் சொல்றேன். அந்தக் கையெழுத்து போட்ட பாதிப் பேர்ல யாராவது வர்றேன்னாலும் கூட்டிட்டு வா, ஜப்தி மனுவுல அவங்களையும் சேத்துக்கச் சொல்லிக் கேக்க முடியுமான்னு பேப்பரைப் பாத்துட்டுச் சொல்றேன்.